முழங்கால் அளவில் ஷட்டர்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது நடுவில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். திரும்பி வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி போய்த் திறப்பேன். ரயிலில் இடம் கிடைத்தால் அதை யாருக்காவது கொடுத்துவிட்டு வாசலோரம் நிற்பேன். வீடுகளுக்கு வரைபடம் போடுகிற தொழிலுக்கு இந்தக் குணம் ஆகாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற என் சின்ன அலுவலகத்தில், நின்றுகொண்டே வரைவதற்காக உயரமான மேஜை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். வந்து பார்க்கிறவர்கள் அதைப் புதுப் பாணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பை நான் கெடுப்பதில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் அக்கா தன் வீட்டு வேலையைக் கொடுத்தாள். குன்றுச் சரிவில் இருக்கிற பழைய வீட்டோடு, கீழே சந்து மட்டத்தில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் முடித்தாக வேண்டும். முடியவில்லையென்றால் அவளும் அத்தானும் உல்லாஸ்நகருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று அவர்களுடைய மகன் தீர்மானமாகச் சொல்லியிருந்தான்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பூரில் மாகுல் பக்கம் போகிற சாலையிலிருந்து ஒரு சந்து பிரிந்து குன்றை ஒட்டிப் போகும். சந்தோரம் கொஞ்சம் வெற்று நிலம், அதற்குப் பின்னால் குன்று மண் சரியாமல் கருங்கல்லில் ஒரு தாங்கு சுவர். அதன் பக்கத்தில் செங்குத்தான கல் படிகள். படியேறி மூச்சு வாங்க நின்றால் எதிரே வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் கட்டியது. மங்களூர் ஓடு, கூரை விளிம்பில் பூவேலை செய்த மரப்பட்டி, முன்னால் நீளமான வராந்தா, மங்கிய பச்சையில் மர ஜன்னல்கள். அவர்கள் வெளிநாட்டுக்குப் போனபோது அத்தான் வாங்கினார். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறவருக்குக் குன்றின் மேல் பங்களா கேட்கிறதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கார் ஏறாத வீட்டை வேறு யாரும் வாங்கத் தயாராக இல்லை என்பதுதான் உண்மை. வாசல் நிலைக்கு மேலே கல்லில் ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டபோது அத்தான், "அது பாட்டுக்கு இருக்கட்டும்வே, நம்மள என்ன செய்யுது" என்று சொல்லிவிட்டார். அதற்குக் கீழேயே மாவிலை கட்டினார்கள்.

அப்புறம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதி போயின. ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் படியேற்றினார்கள். அதன் பிறகு வீட்டுக்குள் நடைக்கோலை ஊன்றி நடப்பதோடு சரி, அவராகக் கீழே இறங்கவே இல்லை. காலையில் பட்டறைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பியே பழகிய மனிதர். விடிந்தால் வராந்தா, சாய்ந்தால் படுக்கை என்று ஆகிப் போனார். பட்டறையை மகன் பார்த்துக்கொண்டான், நன்றாகவே பார்த்துக்கொண்டான். அத்தானுடைய நாக்குக் குழறல் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அவர் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையசைப்பார், வேண்டாமா என்றாலும் தலையசைப்பார்.

நான் இந்த வேலையை எடுத்த வருஷம் மழை தொடங்கியதும் அவருக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. படியெல்லாம் தண்ணீர் ஓடியது. தூக்கியவர்களில் ஒருவன் சறுக்கினான். நாற்காலி சாய்ந்து, அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். அன்றிலிருந்துதான் மகன் உல்லாஸ்நகர் பேச்சை எடுத்தான். அங்கே அவன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அவன் சொன்னதில் தப்பே கிடையாது, அதுதான் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏட்டி, இந்த வீட்டப் பூட்டிப் போட்டா ரெண்டு மழை தாங்காது, கூரை உக்காந்துரும்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். "அதுகூடப் போட்டும். அங்க கொண்டு போய் ஏழாவது மாடில அடைச்சா இவிய என்ன ஆவாவன்னு யோசிச்சுப் பாரு. இங்கனயே வாயத் தொறக்க மாட்டேங்காவ. கீழ ஒரு ரூம் கட்டிக் குடு. அவிய மறுபடி பேசணும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஒரு மனிதரைப் பேச வைக்கிற அறைக்கு என்ன அளவு என்று எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

மீதி மழைக்காலம் முழுவதும் வரைந்தேன், கிழித்தேன். பழைய வீட்டோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, நன்றாக வாழ்ந்த குடும்பத்துக்குள் மருமகளாகப் போகிற மாதிரி. அடங்கியும் இருக்க வேண்டும், தன்னை விட்டுக்கொடுக்கவும் கூடாது. நானே சில கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொண்டேன். புது அறை தாங்கு சுவரின் உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூடப் போகக் கூடாது. கீழே நின்று அண்ணாந்தால் பழைய வீட்டின் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். புது அறையின் மேல்தளம் மேலே இருக்கிற வீட்டுக்கு முற்றமாக வேண்டும். பழைய மரப்பூவேலையைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. கல் மட்டும் அதே கல். உள்ளேயிருந்து பழைய வீட்டுக்குப் போக அகலமான, தாழ்வான படிகள். குன்றிலிருந்து வடிகிற தண்ணீருக்காக அறைக்குப் பின்னால் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மழையில் சுவரெல்லாம் ஊறிப் படுக்கை வரை வந்துவிடும்.

சந்துப் பக்கம் முழுவதும் ஜன்னலே இல்லாத கல் சுவர் வைத்தேன். பக்கவாட்டில் ஒரு கதவு. உள்ளே நுழைந்தால் வானம் தெரிகிற சின்ன முற்றம், அதைப் பார்த்தபடி அறை. முற்றத்திலிருந்து தலையைத் தூக்கினால் மேலே பச்சை ஜன்னல்கள். வெளியே குக்கர் விசில், ஸ்கூட்டர், சண்டை, கல்யாண பேண்ட் என்று எது நடந்தாலும் உள்ளே ஒன்றும் கேட்காது. எனக்கு அந்த வரைபடத்தின் மேல் காதலே வந்துவிட்டது. அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஏன் அப்படி வரைந்தேன் என்று இப்போது தெரிகிறது. நாங்கள் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் வீடு ஒரே அறை, அதற்கு மேல் ஏணி வைத்து ஏறுகிற பலகைத் தட்டு. எதிரே அத்தானின் பட்டறை. பின்னால் அவர் எங்களுக்கு அத்தானானதும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை நீட்டினால் எதிர்ச் சுவரைத் தொடலாம். பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்போம். பரீட்சைக்குப் படிக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். விடிந்தும் விடியாமலும் எல்லாப் பட்டறை ஷட்டர்களும் தடதடவென்று மேலே போகும், எனக்கு அப்படியே ரத்தம் கொதிக்கும். வேலை கிடைத்து வடாலாவில் வாடகைக்கு அறை எடுத்தபோது நான் செய்த முதல் காரியம், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சும்மா நின்றதுதான். தாராவியிலிருந்து வெளியேறிய எவரைக் கேட்டாலும் இதைப் போல ஒன்று சொல்வார்கள். அத்தானுக்கும் அந்த அமைதியைத்தான் கொடுக்க நினைத்தேன்.

வரைபடத்தைக் காட்டியபோது அக்கா, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை. அத்தான் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தீபாவளி முடிந்து தரை காய்ந்ததும் பூமி பூஜைக்கு நாள் பார்த்தோம். முந்தின நாளே மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தார். இங்கே சுவர், இங்கே கதவு, இங்கே முற்றம் என்று சந்தோரத்து வெற்று நிலத்தில் என் காகிதம் முழு அளவில் படுத்திருந்தது. பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து அத்தானை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். படி காய்ந்திருந்ததால் பயமில்லை. கட்டில் வரப் போகிற இடத்தில், முற்றத்தையும் மேலே வீட்டையும் பார்க்கிற மாதிரி அவரை உட்கார வைத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

தேங்காய் உடைத்து முடிந்தது. அத்தான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் சந்து. யாரோ கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்கள். மீன் கூடையோடு ஒரு மராட்டி அம்மாள் போனாள்.

"திருப்பு" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை, அக்காவுக்குக் கேட்டது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"நாக்காலியத் திருப்பு" என்றார் மறுபடி.

திருப்பினோம். சந்தைப் பார்த்து உட்கார்ந்தார். சுண்ணாம்புக் கோடு சரியாக அவர் செருப்புக்கு முன்னால் ஓடியது. அவரைப் பார்த்ததும் போகிறவர்கள் நின்றார்கள். இத்தனை வருஷமாகக் காலையில் இறங்கி ராத்திரி ஏறிய ஆளை அந்தச் சந்துக்கு முகம் மட்டும்தான் தெரியும். ஸ்கூட்டர்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று, இந்தியில், உடம்பு எப்படி இருக்கிறது, ஆளையே காணோமே என்று விசாரித்தார். மீன்கார அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவள் மாமனாருக்கும் இதே மாதிரி வந்து, எந்த எண்ணெயால் சரியானது என்று சொல்ல ஆரம்பித்தாள். அத்தான் இடது கையால் முழங்காலைத் தட்டிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாகப் பதிலும் சொன்னார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனதும் அத்தான் என்னைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினார். "இது என்னது?"

"சுவர், அத்தான். கல் சுவர். சத்தமே வராது."

"அப்போ இவனுவ எல்லாம் செவுத்துக்கு அந்தப் பக்கமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மாதக்கணக்கில் வரைந்ததை ஒருவர் ஒரு கேள்வியில் அழித்தால் யாருக்கு வராது. மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் செம்பூர் ஸ்டேஷன் வரை வேகவேகமாக நடந்தேன். எதிர்ப் பக்கம் போகிற ரயிலில் ஏறி கோவண்டியில் இறங்கித் திரும்பி வந்தேன்.

கோபம் ஆறியதும் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அவருக்கு அமைதி வேண்டியதில்லை, அதைத்தான் அவர் வராந்தாவில் வேண்டிய மட்டும் அனுபவித்துவிட்டார். கல் சுவரை எடுத்தேன். சந்துப் பக்கம் முழுவதும் மடக்குக் கதவுகள் வைத்தேன், தேக்கு மரம், மேலே இருக்கிற ஜன்னல்களின் அதே மங்கிய பச்சை. எல்லாவற்றையும் மடக்கித் தள்ளினால் அறை சந்தோடு சேர்ந்துவிடும். சாத்தினால் பழைய வீட்டின் தங்கை மாதிரி அடக்கமாக இருக்கும். இந்த முறை வேண்டாம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போனேன்.

அத்தான் வராந்தாவில் அதை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பூமி பூஜைக்குப் பிறகு ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"தொறந்தா முழுசும் தொறக்கும்" என்றார். "அடைச்சா முழுசும் அடைக்கும்."

"ஆமாம் அத்தான்."

"நடுவுல ஒண்ணும் இல்லியே."

"நடுவில் என்ன வேணும்?"

அவர் இடது கையை மட்டமாக நீட்டி, தன் முழங்கால் உயரத்தில் நிறுத்திக் காட்டினார். அவ்வளவுதான்.

வேறு எந்தக் கட்டடக்காரருக்கும் அது புரிந்திருக்காது. எனக்கு உடனே புரிந்தது. தாராவியில் எங்கள் சந்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், தட்டுவதற்குக் கதவும் இருக்காது. ஷட்டர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். முழுக்க மேலே இருந்தால் யாரும் வரலாம். இடுப்பளவு இறங்கியிருந்தால் சாப்பிடுகிறார்கள், அவசரமானால் கூப்பிடலாம். முழங்கால் அளவில் நின்றால் உள்ளே ஆள் தூங்குகிறார், காற்றுக்காக விட்டிருக்கிறார், கூப்பிடக் கூடாது. தரையைத் தொட்டிருந்தால் ஆள் இல்லை. பகலில் வெகுநேரம் தரையைத் தொட்டே இருந்தால் என்னவோ ஏதோ என்று சந்தே கூடிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது கிடையாது.

"சட்டரா?" என்றேன். கோபத்தில் எனக்கும் பழைய பேச்சு வந்துவிடும். "இந்த வீட்டுக்குக் கீழ சட்டர் வைக்கச் சொல்றீங்களா? பாக்கறவங்க ஹார்டுவேர் கடைன்னு நினைப்பாங்க, அத்தான்."

அவர் கையை மடக்கிக்கொண்டார். அக்கா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"ஏட்டி, நீ கட்டுதது ஒனக்கா, அவியளுக்கா?"

"நாளைக்கு என் பேரச் சொல்லித்தானே காட்டுவாங்க, யக்கா."

"ஒன் பேரு ஒன்கிட்டயே இருக்கட்டும். அவிய இத்தன மாசத்துல கேட்டது இது ஒண்ணுதான். முடியாதுன்னா சொல்லிரு, நாங்க உல்லாஸ்நகருக்கே போயிக்கிடுதோம்."

மறுபடியும் சாப்பிடாமல் இறங்கினேன். அந்த வருஷம் அக்கா வீட்டில் நான் சாப்பிட்டதைவிடச் சாப்பிடாமல் வந்ததுதான் அதிகம். ஸ்டேஷனுக்குப் போகப் பிடிக்கவில்லை. முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது சயானில் நின்றது. இறங்கி நடந்தேன். கால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. போன் வந்தது. மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்கு உள் அலங்காரம் செய்துகொண்டிருந்தேன், அந்த வீட்டம்மாள் சமையலறை மேடைக் கல்லின் நிறத்தைப் பற்றிப் பேசினாள். எனக்கு இருந்த எரிச்சலில் அவளிடம் சத்தமாகவே பேசிக்கொண்டு போனேன்.

நடுவில் என் குரல் தானாக இறங்கியது. கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிறவள் மாதிரிப் பேசினேன். ஏன் மேடம், ஏதாவது பிரச்சினையா என்று அந்த அம்மாள் கேட்டாள். அப்போதுதான் நின்று பார்த்தேன். தாராவிக்குள் வந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தையல் பட்டறையின் ஷட்டர் முழங்கால் அளவில் நின்றது. கீழே இடைவெளியில் யாருடையதோ இரண்டு பாதங்கள் தெரிந்தன, ஒன்றின் மேல் ஒன்று. மதியத் தூக்கம். அந்தச் சந்தை விட்டுப் போய் முப்பது வருஷம் இருக்கும். என் தொண்டை மட்டும் அங்கேயே குடியிருந்திருக்கிறது.

அந்த அம்மாளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் அந்த ஷட்டரைத் தாண்டிப் போனேன். சந்து முனைக்கு வந்ததும் அழுகை வந்தது. எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எந்தச் சந்தில் இருந்தால் தன் தூக்கத்தைச் சுற்றி ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்களோ, அந்தச் சந்தை ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் கல் சுவர் கொண்டு போனேன்.

ஷட்டர் வைத்தேன். வைத்ததை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று வெறி பிடித்தது. ஷட்டர் சுருளுகிற பெட்டி வெளியே தெரியக் கூடாது என்பதற்காக மேல்தளத்தின் விளிம்பை முன்னால் நீட்டி, அதற்குக் கீழே அதை ஒளித்தேன். விளிம்பின் மேல் ஒரே வரிசை மங்களூர் ஓடு. மேலே வீட்டின் கூரைக்கும் இதற்கும் ஒரு பேச்சுவார்த்தை இருக்கட்டும் என்று. தகட்டுக்குப் பச்சை பூசினேன். கடைப் பச்சையாக வந்துவிட்டது. சுரண்டி, வெயிலில் நின்று மேலே ஜன்னலைப் பார்த்துப் பார்த்துக் கலந்து, மூன்றாவது தடவை சரியானது. வாசலில் படி கிடையாது, அத்தானின் நடைக்கோல் தடுக்கும். சந்துத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் குறுக்கே கம்பி மூடிய வாய்க்கால் போட்டோம்.

ஒரு கையால் ஷட்டரைத் தூக்க முடியாதே என்பதுதான் கடைசிக் கவலை. பெரிய கோடவுன்களில் இருப்பது போலச் சங்கிலி இழுத்துத் தூக்குகிற மாதிரிச் செய்யச் சொன்னேன். வழக்கமாகச் சங்கிலியை வலது பக்கம் தொங்க விடுவார்களாம். வந்தவன் அப்படியே மாட்டிவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவன் ஏணியிலிருந்து இறங்கவே பயந்தான். கழற்றி இடது பக்கம் மாட்டினான். உட்கார்ந்தபடி இடது கையால் இழுத்தால் போதும், எந்த உயரத்தில் விடுகிறோமோ அங்கே நிற்கும்.

மாட்டுங்காவில் என் மாடியிலேயே அலுவலகம் வைத்திருக்கிற, என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் கட்டி முடிக்கும் சமயத்தில் வந்து பார்த்தார். மேல்தளத்தைப் பாராட்டினார், கல் வேலையைத் தடவிப் பார்த்தார். கீழே நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாடகைக்குக் கடை விடுற எண்ணமா?" என்று கேட்டார். ஆமாம், காய்கறிக் கடை என்று சொல்லி அனுப்பினேன்.

மேலே பழைய கூரைக்கு வருஷா வருஷம் கட்டுகிற நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்த அன்றே முதல் மழை வந்துவிட்டது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு புது அறையின் பின்னால் அந்த இடைவெளியில் போய் நின்றேன். குன்றிலிருந்து வடிந்த தண்ணீர் நான் விட்ட வழியில் இறங்கி, வாய்க்காலில் விழுந்து, சந்தோடு போனது. சுவர் காய்ந்தே இருந்தது. மகன் வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். சங்கிலியை இழுத்துப் பார்த்தான். "இந்த மழை போகட்டும் சித்தி, பாக்கலாம்" என்றான். உல்லாஸ்நகர் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. அது செம்பூர். அந்தச் சந்துக்கு ஷட்டர் பாஷை எப்படித் தெரியும்? நான் பயந்த மாதிரியே நடந்தது. இடுப்பளவு இறங்கியிருக்கும்போது மீன்கார அம்மாள் குனிந்து தலையை உள்ளே விட்டு, பாம்ஃப்ரெட் வேண்டுமா என்று கத்தினாள். முழங்கால் அளவில் இருக்கும்போது சில பேர் தகட்டைத் தட்டினார்கள். நான் தினமும் அக்காவுக்கு போன் செய்து கேட்டேன். ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு நாள் அக்காவே போன் செய்தாள். குரல் துள்ளியது.

"ஏட்டி, இன்னைக்கு மூணு பேர ஏசிட்டாவ."

"யாரு?"

"ஒங்க அத்தான்தான். சட்டரு எறங்கிக் கெடக்கும்போது தட்டுனான்னு அந்த ஸ்கூட்டர்காரனப் புடிச்சு இந்தில ஒரு ஏச்சு. பெறவு மீன்காரிய. பெறவு பேப்பர் போடுதவன. தொண்ட கட்டிப் போச்சு, வெந்நி வச்சுக் குடுத்துட்டு வாரேன்."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் மேஜையைச் சுற்றி நடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வேலைகள் சேர்ந்துவிட்டன. நவராத்திரி நெருங்குகிற சமயத்தில்தான் போக முடிந்தது. சொல்லாமல் போனேன். மதியம் சாய்ந்துகொண்டிருந்தது. சந்துக்குள் திரும்பியதும் ஷட்டரைத்தான் பார்த்தேன். முழங்கால் அளவில் நின்றது. எதிர்ச் சுவரோரம் மீன்கார அம்மாள் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டர்காரர் தன் வண்டியை முறுக்காமல், இறங்கித் தள்ளிக்கொண்டு ஷட்டரைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் உதைத்துக் கிளப்பினார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மாள் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஸோயேலா ஹை" என்றாள் மெதுவாக. தூங்குகிறாராம். பிறகு நகர்ந்து, கூடையில் எனக்குப் பாதி இடம் விட்டாள். "பைட்டோ."

உட்கார்ந்தேன். கூடையில் மீன் வாடை அடித்தது. எழுந்து மேலே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம், தேநீர் குடிக்கலாம், வாய்க்கால் மூடியைச் சோதிக்கலாம் என்று வழக்கம் போல எல்லாம் தோன்றியது. எதையும் செய்யவில்லை. யார் வீட்டுத் தூக்கத்துக்கோ காவல் இருக்கிற மாதிரி இரண்டு பேரும் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே சங்கிலி அசைந்தது. ஷட்டர் நிதானமாக ஏறத் தொடங்கியது. முதலில் செருப்பு தெரிந்தது, அப்புறம் நடைக்கோலின் நுனி, கட்டம் போட்ட லுங்கி, சங்கிலியைப் பிடித்த இடது கை, கடைசியாக முகம். தூக்கக் கலக்கத்தோடு சந்தின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்போ வந்த?" என்றார் அத்தான். "ஒரு சத்தம் குடுத்துருக்கலாம்லா."

"நீங்க தூங்குதீங்களேன்னுதான், அத்தான்" என்றேன்.